பாய்மரப் படகின் ஒற்றை நெம்புகோல்

காற்றின் வலிமையால் ஓடுமாறு அமைக்கப்பட்ட பாய்மரப் படகுகள் பலவற்றில் இக்காலத்தில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். இது துணை எஞ்சின் எனப்படும். திறந்த கடலில் இதற்கு வேலை குறைவு. காற்று ஓய்ந்துவிட்ட போதும், குறுகிய ஆற்றுமுகத்தில் நுழையும் போதும், பல படகுகள் நெருங்கி நிற்கும் துறையை அணையும் போதும் பாயை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. அவ்வேளைகளிலேயே இதன் உதவி நாடப்படுகிறது. ஆதலின் எஞ்சின் பயன்படும் நேரங்கள் பெரும்பாலும் தவறுக்கு இடம் கொடாத நேரங்களாகவே அமைந்துவிடுகின்றன.

அந்த எஞ்சினைச் சுக்கான் பிடிப்பவர் ஒரேயொரு நெம்புகோலைக் கொண்டு ஆள்கிறார். அதனை முன்னே தள்ளினால் படகு முன்னே செல்லும். மேலும் தள்ளினால் விரைந்து செல்லும். பின்னே இழுத்தால் பின்வாங்கும். சிறுவனும் ஒரு நிமிடத்தில் கற்றுக் கொள்ளத்தக்க இந்த எளிமைக்குள் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. உந்துவிசிறி எப்பக்கம் சுழல வேண்டும் என்று தெரிவு செய்வது ஒன்று. எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்று அளவிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கையசைவில் பிணைக்கப்பட்டிருப்பதால் விளையும் நன்மை பெரிது. அப்பிணைப்பில் ஒன்று அறுந்துவிட்டால் விளையும் தீங்கும் அதற்குக் குறைந்ததன்று. படகுப் பயிற்சி அளிப்போர் பலர் முன்னதை விரிவாகக் கற்பித்துப் பின்னதைக் கூறாது விட்டுவிடுகின்றனர்.

கோவாவின் மாண்டோவி ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகுகளான ‘மாதேயி’, ‘தாரிணி’ ஆகிய இரண்டும் அவ்வாற்றிலுள்ள திவார் தீவில் கட்டப்பட்டவை. (மாதேயி என்பது மாண்டோவி ஆற்றுக்கே வழங்கும் மற்றொரு பெயர்.) 2012 நவம்பர் 1ஆம் நாள் மும்பையிலிருந்து ‘மாதேயி’யில் தனியராகப் புறப்பட்ட அபிலாஷ் டோமி, எத்துறையிலும் நில்லாது உலகைச் சுற்றி, 2013 மார்ச் 31இல் மீண்டார். 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் ‘தாரிணி’யில் உலகைச் சுற்றி வந்தனர். அதே படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே 29இல் திரும்பியவர்கள் இருவர் மட்டுமே: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும். ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள படகை இருவர் நடத்தும்போது, துறையை அணையும் வேளையில் ஒருவர் கயிற்றுடன் முன்னே நிற்க, மற்றவர் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் எஞ்சினையும் ஆள வேண்டியவராகிறார். எத்துணைத் தொலைவு பாயினால் ஓடி வந்த படகாயினும் கடைசிச் சில நூறு மீட்டரை எஞ்சின் கொண்டு கடப்பதே பொது வழக்கம். மாண்டோவியிலோ கடலேற்றம் ஏறக்குறைய 2 மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. நீரோட்டம் நாளொன்றுக்கு நான்கு முறை திசை மாறுகிறது. அங்கே கை தயங்கினாலும் படகு தயங்காது.

அமைப்பு

முற்காலத் துணை எஞ்சின்களில் கியருக்கு ஒரு தண்டும் எரிபொருளுக்கு ஒரு தண்டும் தனித்தனியே இருந்தன. இன்றும் சில படகுகளில் அவ்வாறே உள்ளது. அவற்றுட் பலவற்றில் எரிபொருள் தண்டின் குமிழ் சிவப்பாகவும் கியர்த் தண்டின் குமிழ் கறுப்பாகவும் இருக்கும். இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. பதற்றத்தில் ஒருவர் எரிபொருளைக் குறைக்காமலே கியரை முன்னியக்கத்திலிருந்து பின்னியக்கத்துக்கு மாற்றிவிடக் கூடும். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும் எஞ்சினில் அவ்வாறு செய்தால் கியர்ப்பெட்டி அடையும் அதிர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

ஒற்றை நெம்புகோல் இத்தவற்றைப் பொறியமைப்பினாலேயே தடுக்கிறது. நெம்புகோலின் அடியிலுள்ள சிறு பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் புறப்படுகின்றன. ஒன்று கியர்ப்பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிறு கையுடனும், மற்றொன்று எஞ்சினின் எரிபொருள் பம்பிலுள்ள கையுடனும் இணைக்கப்பட்டுள்ளன. மிதிவண்டியின் பிரேக் கம்பி இழுப்பதற்கு மட்டுமே பயன்படுவது. இக்கேபிளின் உட்கம்பியோ தடித்தது, உறைக்குள் இறுக்கமாகப் பொருந்தியது. ஆதலின் இழுக்கவும் தள்ளவும் வல்லது. இவ்வமைப்பை மாலுமிகள் சிலர் ‘மோர்ஸ்’ என்றே அழைப்பர். அது இக்கருவிகளைச் செய்து புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயர். தந்திக் குறியீடு வகுத்த மோர்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நெம்புகோல் நிமிர்ந்து நிற்கும்போது கியர் நடுநிலையில் இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 சுற்று என்ற குறைந்த வேகத்தில் ஓடும். நெம்புகோலை முன்னே தள்ளத் தொடங்கியதும், முதல் 30 பாகை அளவில் கியர்க் கேபிள் மட்டுமே நகர்ந்து தன் முழு ஓட்டத்தையும் முடித்துவிடும். எரிபொருட் கேபிள் அதுவரை அசைவதில்லை. அதற்கு மேல் தள்ளினால் கியர்க் கேபிள் இருந்த இடத்திலேயே நிற்க, எரிபொருட் கேபிள் நகரத் தொடங்கும். பின்னே இழுக்கும்போதும் இம்முறையே: முதலில் கியர், அடுத்து எரிபொருள். ஆக, முன்னியக்கத்தில் விரையும் படகைப் பின்னியக்கத்துக்குக் கொணர வேண்டுமாயின், கை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எரிபொருள் குறைந்து நடுநிலையைக் கடந்தே ஆக வேண்டும். ஒன்று இயங்கும்போது மற்றொன்று ஓய்ந்திருக்கும் இவ்வொழுங்கே இக்கருவியின் உயிர்.

எனினும் நடுநிலையைக் கடப்பது வேறு, நடுநிலையில் நிற்பது வேறு. ஒரே வீச்சில் முன்னிருந்து பின்னுக்கு இழுப்பவர் நடுநிலையைக் கடந்தாரேயன்றி நிற்கவில்லை. எஞ்சினின் சுழற்சி தணியச் சில விநாடிகள் ஆகும்; உந்துவிசிறியும் அதன் தண்டும் தம் உந்தத்தால் சுழன்றுகொண்டிருக்கும். கருவி ஒழுங்கைக் காக்கும், காலத்தைக் காப்பதில்லை; அதனைக் காக்க வேண்டியவர் நெம்புகோலைப் பிடித்தவரே. (கேபிள் இன்றி மின்சைகையால் இயங்கும் புதிய கட்டுப்பாடுகளில் இந்தத் தாமதமும் கருவியிலேயே அமைக்கப்படுகிறது. அவை பெரிய படகுகளில் மிகுதியாகப் பயன்படுகின்றன.)

எஞ்சினைத் தொடங்குதல்

டீசல் எஞ்சினைத் தொடங்கும்போது, சிறப்பாகக் குளிர்ந்திருக்கையில், சற்றே மிகுதியான எரிபொருள் தேவைப்படும். ஆனால் நெம்புகோலைத் தள்ளினால் கியர் விழுந்துவிடுமே? இதற்காக நெம்புகோலின் அச்சில் ஒரு பொத்தான் வைக்கப்பட்டுள்ளது. நடுநிலையில் நிறுத்தி, அப்பொத்தானை அமைப்புக்கேற்ப அழுத்தியோ வெளியே இழுத்தோ நெம்புகோலைத் தள்ளினால், கியர்க் கேபிள் விடுபட்டு எரிபொருட் கேபிள் மட்டும் நகரும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் நெம்புகோலை மீண்டும் நிமிர்த்தினால் பொத்தான் தன் இடத்துக்குத் திரும்பும். அது திரும்பிய ஓசையைக் கேட்டறிதல் நன்று. திரும்பாவிட்டால், படகை அவிழ்த்து விட்டு நெம்புகோலைத் தள்ளும்போது எஞ்சின் உறுமும், படகு நகராது. நீரோட்டம் படகைப் பக்கத்துப் படகின் மேல் சாய்க்கும் அந்நேரத்தில் காரணத்தை ஆராய யாருக்கும் அமைதி இராது.

கட்டை அவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓட, நெம்புகோலை முன்னியக்கத்தில் மெல்ல வைத்துப் படகின் பின்புற நீரைப் பார்க்க வேண்டும்; நீர் பின்னோக்கிக் குழம்பி ஓடும், கட்டுக் கயிறு இறுகும். பின்னர் நடுநிலை. பின்னர்ப் பின்னியக்கம், இப்போது நீர் படகின் பக்கவாட்டில் முன்னோக்கி வரும். அரை நிமிடம்கூட ஆகாத இச்சோதனையைச் செய்யாது கிளம்புவோரே பெரும்பான்மையினர் என்பது வருந்தத்தக்கது.

கையின் பழக்கம்

கியரை மாற்றும் அசைவு தயக்கமற்றதாக இருத்தல் வேண்டும். மெல்லத் தொட்டுத் தொட்டுத் தள்ளினால் கிளச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்கிறது. கியர் விழுந்தபின் ஒரு விநாடி பொறுத்து, எரிபொருளை மட்டும் படிப்படியாகக் கூட்டலாம். சுருங்கக் கூறின், முதல் 30 பாகை உறுதியாக, எஞ்சியது மெதுவாக. திசை மாற்றும்போது நடுநிலையில் நிறுத்தி மனத்துள் மூன்று எண்ணுதல் நல்ல வழக்கம்.

அந்த மூன்று விநாடிக்கும் விலை உண்டு. மணிக்கு 4 கடல்மைல் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். மூன்று விநாடியில் படகு 6 மீட்டர் சென்றுவிடும். அதன் பின்னரே பின்னியக்கம் பிடிக்கத் தொடங்கும். 10 டன் எடையுள்ள படகு அவ்வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சற்றேறக்குறைய 21,000 ஜூல். 50 கிலோ மூட்டையொன்றை 43 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் அது தரையைத் தாக்கும் ஆற்றல் இவ்வளவே. படகின் வேகத்தைப் பாதியாக்கினால் இவ்வாற்றல் கால்பங்காகும். துறையை அணுகும்போது மெதுவாக வருக என்று கூறுவதன் உண்மைப் பொருள் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

பின்னியக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் நேரும். பின்னிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழன்று படகை முன்னே செலுத்தும் விசிறி, பின்னியக்கத்தில் இடஞ்சுழியாகச் சுழன்று படகின் பின்பகுதியை இடப்புறம் தள்ளும். முன்னியக்கத்தில் விசிறி எறியும் நீர் சுக்கானின் மேல் மோதுவதால் சுக்கான் உடனே பயன் தரும். பின்னியக்கத்திலோ அந்நீர் சுக்கானை விட்டு விலகிச் செல்வதால், படகு பின்னோக்கி ஓரளவு வேகம் கொள்ளும் வரை சுக்கான் பயனற்றதே. தம் படகின் பின்பகுதி எப்பக்கம் நகரும் என்பதை அகன்ற நீர்ப்பரப்பில் சோதித்தறிந்தவர், துறையில் அணையும் பக்கத்தை அதற்கேற்பத் தெரிந்துகொள்வர்.

நெம்புகோல் அறியாத ஒன்று

இதுகாறும் கூறியவை கருவி நல்ல நிலையில் உள்ளபோது பொருந்துவன. கியர்க் கேபிள் அறுந்தாலோ, கியர்ப்பெட்டியின் கையிலிருந்து கழன்றாலோ என்ன நேரும்? கழல்வதே மிகுதி, அவ்விணைப்பைப் பல படகுகளில் ஒரு சிறு ஊசியே தாங்கி நிற்கிறது.

படகு முன்னியக்கத்தில் துறையை நோக்கி வருகிறது. சுக்கான் பிடிப்பவர் நெம்புகோலை நடுநிலைக்குக் கொணர்கிறார். எரிபொருட் கேபிள் கட்டளைக்குப் பணிந்து எஞ்சினின் வேகத்தைக் குறைக்கிறது. ஓசை தணிகிறது, எல்லாம் முறைப்படி நடப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் கியர்ப்பெட்டிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கிளச் முன்னியக்கத்திலேயே பிடித்திருக்கிறது. விசிறி மெதுவாகச் சுழன்று படகை முன்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. படகு நிற்கவில்லை என்பதைக் கண்டவர் நெம்புகோலைப் பின்னே இழுக்கிறார். முதல் 30 பாகையில் எதுவும் நடவாது. இன்னும் இழுக்கிறார், எரிபொருட் கேபிள் திறக்கிறது, எஞ்சின் விரைகிறது, முன்னியக்கத்தில் பிடித்திருக்கும் விசிறி படகைத் துறையின் மேல் பாய்ச்சுகிறது. அஞ்சியவர் இன்னும் வலிந்து இழுப்பார். இழுக்க இழுக்கப் படகு முன்னே விரையும்.

இங்ஙனம் நிகழ்வதற்கான காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. கியர்க் கேபிளுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு. நெம்புகோல் முன்னே சென்றால் அது ஒரு பக்கமும், பின்னே சென்றால் மறு பக்கமும் நகரும். எரிபொருட் கேபிளுக்கு அவ்வேறுபாடு கிடையாது. நெம்புகோல் எத்திசையில் சாய்ந்தாலும் அது எரிபொருளைக் கூட்டவே செய்யும். இரண்டும் சேர்ந்திருக்கும் வரையில்தான் ‘பின்னே இழு’ என்பதற்குப் ‘பின்வாங்கு’ என்று பொருள். கியர்க் கேபிள் போனபின் அதன் பொருள் ‘விரைந்து செல்’ என்பது மட்டுமே. நெம்புகோல் தான் இட்ட கட்டளையைக் காட்டும். கியர்ப்பெட்டி செய்த செயலை அது அறியாது. சில படகுகளில், கியர் நடுநிலையில் இல்லாதபோது எஞ்சின் தொடங்காதபடி தடுக்கும் மின்விசை உண்டு. அது நெம்புகோற் பெட்டியில் பொருத்தப்பட்டதாயின் அதுவும் நெம்புகோலின் சொல்லையே நம்பும்.

இந்நிலையில் செய்யத்தக்கது ஒன்றே: நெம்புகோலை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துதல். டீசல் எஞ்சின் மின்பொறியால் எரிவதன்று. பல எஞ்சின்களில் சாவியைத் திருப்பினால் மட்டும் அது நிற்பதில்லை. எரிபொருளை முற்றும் தடுக்கும் தனிக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதனை வெளியே இழுத்தல் வேண்டும். புதிய எஞ்சின்களில் இதற்கு மின்பொத்தான் உண்டு. நிறுத்தும் கைப்பிடி எங்குள்ளது என்பதைப் படகில் ஏறும் ஒவ்வொருவரும், விருந்தினராக வந்தவரும்கூட, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுமளவுக்கு அறிந்திருத்தல் வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் படகு தன் உந்தத்தால் சிறிது தொலைவு செல்லும். அவ்வுந்தம் தீர்வதற்குள், சுக்கான் இன்னும் பயன் தரும்போதே, படகை வெட்டவெளி நீரை நோக்கித் திருப்ப வேண்டும். இடமில்லையேல் நங்கூரம் இடவேண்டும். துறைக்குள் நுழையுமுன் நங்கூரத்தின் கட்டை அவிழ்த்து ஆயத்தமாக வைப்பதும், பாயை உடனே விரிக்கத்தக்க நிலையில் விடுவதும் பழைய மாலுமிகளின் வழக்கம். எஞ்சின் வந்தபின் அவ்வழக்கம் தேவையற்றதாகிவிட்டதாகக் கருதுவது தவறு.

கியர் முன்னியக்கத்தில் சிக்கியுள்ள அந்நிலையில் எஞ்சினை மீண்டும் தொடங்கினால் படகு அக்கணமே பாயும். ஆகவே, முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து, கியர்ப்பெட்டியின் சிறு கையைக் கையாலேயே நடுநிலைக்குத் தள்ளுதல் வேண்டும். வேறு வழியின்றித் துறைக்கு வர வேண்டுமாயின், ஒருவர் எஞ்சினருகே அமர்ந்து அக்கையை நகர்த்த, மற்றவர் மேலிருந்து கட்டளையிடலாம். கட்டளைச் சொற்கள் ‘முன்’, ‘நடு’, ‘பின்’ என மூன்றே இருக்கட்டும். கீழுள்ளவர் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிக் கூறியபின் செய்யட்டும். எஞ்சின் ஓடும்போது கீழிருப்பவரின் விரலும் ஆடையும் சுழலும் வார்ப்பட்டையையும் தண்டையும் அணுகாதவாறு காத்தல் இன்றியமையாதது.

எரிபொருட் கேபிள் அறுந்தால் நிலைமை வேறு. எஞ்சின் கடைசியாக இருந்த வேகத்திலேயே ஓடலாம், அல்லது வில்லின் இழுப்பால் மெதுவாகலாம். மெதுவானால் கவலையில்லை, குறைந்த வேகத்திலேயே துறையை அடையலாம். விரைந்தே ஓடினால் கியரை மாற்ற முயலாமல் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

பேணுதல்

கேபிள் பெரும்பாலும் திடீரென்று அறுவதில்லை. நெம்புகோல் வழக்கத்தைவிடக் கனமாக நகர்தல், நடுநிலையில் கேட்கும் ‘டக்’ என்ற ஓசை மழுங்குதல், கியர் விழுவதற்கு முன்னைவிட மிகுதியான சாய்வு தேவைப்படுதல் ஆகியன முன்னறிகுறிகள். உப்பு நீர் உறையின் வாயில் புகுந்து துருவை விளைக்கும். துரு உறையை உப்பச் செய்யும். கேபிளின் மேலுறை வெடித்துப் பழுப்பு நிறக் கசிவு தோன்றினால் அக்கேபிளை எண்ணெயிட்டுச் சரிப்படுத்த முயலாது மாற்றிவிடுவதே முறை. மாற்றும்போது கூர்மையான வளைவைத் தவிர்க்க வேண்டும். பொதுவாக வழங்கும் கேபிள்கள் ஏறத்தாழ 20 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கப்படலாகாது. இடநெருக்கடியைக் காரணம் காட்டி வளைத்த கேபிள் அவ்வளைவிலேயே தேயும்.

இணைப்பு ஊசியைத் திங்கள்தோறும் விளக்கொளியில் பார்த்தல் நன்று. நடுநிலையில், கியர்ப்பெட்டியின் கை முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியில் நிற்கிறதா என்பதையும், இருபுறமும் தன் முழு ஓட்டத்தை அது பெறுகிறதா என்பதையும் ஒருவர் மேலே நெம்புகோலை நகர்த்த மற்றவர் கீழே நின்று காண வேண்டும். கேபிளின் நீளம் சிறிது பிழைபட்டு அமைந்தால், முன்னியக்கம் முழுமையாகவும் பின்னியக்கம் அரைகுறையாகவும் விழும். பின்னியக்கக் கிளச் வழுக்கித் தேய்வதற்குக் கியர்ப்பெட்டியைக் குறைகூறிப் பெரும்பொருள் செலவிட்டோர் உளர். குறை பெரும்பாலும் கேபிளின் முனையிலுள்ள ஒரு திருகில் இருந்திருக்கும்.

நெம்புகோல் பொருத்தப்பட்ட இடத்தையும் நோக்க வேண்டும். அது பக்கச் சுவரில் தாழ இருந்தால் பாய்க்கயிறு சுற்றிக்கொள்ளும். அமர்ந்திருப்பவரின் முழங்கால் இடித்தும் கியர் விழுவதுண்டு.

பாயில் ஓடும்போது

எஞ்சினை நிறுத்திப் பாயில் ஓடும்போது, நீரின் ஓட்டத்தால் விசிறி தானே சுழலும். அதனைச் சுழல விடுவதா, கியரிட்டு நிறுத்துவதா என்பதில் கியர்ப்பெட்டி செய்வோரின் அறிவுரைகள் வேறுபடுகின்றன. சிலர் நடுநிலையில் விடச் சொல்வர். மடங்கும் விசிறியுள்ள படகுகளுக்குப் பின்னியக்கத்தில் வைக்கச் சொல்வோரும் உளர். முன்னியக்கத்தில் வைத்தலைப் பெரும்பாலோர் விலக்குவர். அந்தந்தக் கருவியின் கையேட்டையே பின்பற்றுதல் வேண்டும். பின்னியக்கத்தில் வைத்து ஓடும் வழக்கமுள்ள படகில், எஞ்சினைத் தொடங்குமுன் நெம்புகோலை நிமிர்த்த மறக்கலாகாது.

1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்மோதல் தடுப்பு விதிகளின்படி, எஞ்சினைச் செலுத்துவதற்குப் பயன்படுத்தாத வரையில்தான் பாய்மரப் படகு பாய்மரப் படகாகும். பாய்கள் விரிந்திருப்பினும் நெம்புகோல் நடுநிலையை விட்டு நகர்ந்து விசிறி சுழன்று படகைச் செலுத்தத் தொடங்கினால், அது எந்திரக்கலமாகிவிடுகிறது. வழிவிடும் கடமையும் அதற்கேற்ப மாறுகிறது. பாயும் எஞ்சினும் சேர்ந்து செலுத்தும் படகு பகலில் கூர்முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்புறத்தில் தொங்கவிட வேண்டும். மின்கலத்துக்கு மின்னேற்றுவதற்காக நடுநிலையில் எஞ்சினை ஓட்டுவது இதில் அடங்காது.

வகுப்பறையில்

கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள பள்ளியிலும் இக்கருவியைச் செய்து காட்டலாம். 20 செ.மீ. விட்டமுள்ள ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றை நடுவில் ஆணியிட்டுச் சுழலவிட்டு, அதன் விளிம்பில் நெம்புகோலாக ஒரு சட்டத்தைப் பொருத்த வேண்டும். வட்டத்தின் மேற்பாதியில் ஒரு வளைந்த பிளவும் கீழ்ப்பாதியில் ஒரு வளைந்த பிளவும் வெட்டப்படும். மேற்பிளவு நடுவில் மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் தொடங்கி, ஒரு பக்கம் 30 பாகைக்குள் 6 செ.மீ. ஆக விலகியும், மறுபக்கம் 30 பாகைக்குள் 4 செ.மீ. ஆக நெருங்கியும், அதன்பின் இருபுறமும் மாறாமலும் செல்லட்டும். இது கியர். கீழ்ப்பிளவு நடுவின் இருபுறமும் 30 பாகை வரை 7.5 செ.மீ. தொலைவில் மாறாதிருந்து, பின்னர் இரு பக்கமும் 9 செ.மீ. வரை ஒரே வகையாக விலகட்டும். இது எரிபொருள். ஒவ்வொரு பிளவிலும் ஓர் ஆணியை நுழைத்து, அவ்வாணியை மேலுங்கீழும் மட்டுமே நகரக்கூடிய ஒரு பட்டையில் பதித்துவிட்டால் போதும். கியர்ப்பட்டையின் முனையில் ‘முன், நடு, பின்’ என எழுதிய அட்டையின் மேல் நகரும் முள் ஒன்றை, ஓரளவு இறுக்கமாக நிற்குமாறு, ஒரு கொக்கியால் இணைக்கலாம்.

உயர் வகுப்பு மாணவர்கள் நெம்புகோலின் கோணத்தைக் கிடையச்சிலும் இரு பட்டைகளின் நகர்வை நிலையச்சிலும் குறித்து வரைந்தால், கியரின் கோடு படிக்கட்டுப் போலவும் எரிபொருளின் கோடு தட்டையான அடியுடைய பள்ளம் போலவும் அமையும். ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு என்ற கணிதப் பாகுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதன்று.

பின்னர், நெம்புகோலை முன்னே வைத்து முள் ‘முன்’ என்பதில் நிற்கும்போது, ஆசிரியர் கியர்ப்பட்டையின் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு மாணவனை அழைத்துப் படகைப் பின்வாங்கச் செய்யுமாறு கூறலாம். மாணவன் நெம்புகோலை முழுதும் பின்னே இழுப்பான். எரிபொருட் பட்டை 9 செ.மீ. கோட்டைத் தொடும்; முள் ‘முன்’ என்ற எழுத்தின் மேலேயே நின்றுகொண்டிருக்கும்.